ஆய்வேடா, திட்டக்கட்டுரையா, முன்வரைவா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் புது ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலை முடித்துவிட்டு பிஎச்.டி. பண்ணலாமா என்று யோசிக்கிற தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நீங்கள்தான் என்றால் உங்களுக்கு இது இன்னும் தேவைப்படும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட ஆய்வில் சேர்ந்ததும் திணறுகிறார்கள். எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரில் எதை எழுதித் தர வேண்டும், அதோடு எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்ல ஆள் கிடையாது. நானும் பகுதிநேரமாகப் பதிந்து, சன்னல் சன்னலாக நின்று, “இது இல்லைங்க, அதைக் கொண்டு வாங்க” என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நம் இரண்டு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அதை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொது. கட்டணத் தொகைகளை மட்டும் நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியர் சொல்கிற தொகை அவர் கட்டிய காலத்துத் தொகை.

1. உங்களிடம் கேட்பது எந்த எழுத்து என்று முதலில் தெளிவாகுங்கள்

இந்தப் படியில்தான் அதிகக் குழப்பம். “ஒரு கட்டுரை எழுதிட்டு வாப்பா” என்று ஆசிரியர் சொன்னால் அது ஐந்து பக்கமாகவும் இருக்கலாம், ஐம்பது பக்கமாகவும் இருக்கலாம். ‘கட்டுரை’ என்று மட்டும் யாராவது சொன்னால் ‘எந்தக் கட்டுரைங்க ஐயா, எதுக்கு, எத்தனை பக்கம்?’ என்று உடனே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுச் சும்மா வந்தால் ஒரு பருவம் போய்விடும்.

வகுப்புக்காக எழுதி உள்மதிப்பெண் வாங்குவது ஒப்படைப்பு, அதாவது அசைன்மென்ட். அதற்குக் கையெழுத்தும் சான்றும் தேவையில்லை. முதுகலை கடைசிப் பருவத்தில் எழுதுவது திட்டக்கட்டுரை. கல்லூரியில் ‘புராஜெக்ட்’ என்றே சொல்வார்கள். இதற்கு வழிகாட்டும் ஆசிரியர் உண்டு, அவருடைய சான்றிதழ் உண்டு, துறையிலேயே ஒரு வாய்மொழித் தேர்வும் உண்டு. இயல் பிரிப்பது, அடிக்குறிப்புப் போடுவது எல்லாம் இங்கேதான் பழக்கமாகும். கணினிக் கடையில் பழைய புராஜெக்டை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்தவர்கள் பிஎச்.டி. வந்ததும் முதல் இயலைக்கூட எழுத முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறேன். அந்த ஒரு பருவத்தை ஒழுங்காகச் செய்தால் பின்னால் ஓர் ஆண்டு மிச்சம்.

கருத்தரங்கில் வாசிப்பது கருத்தரங்கக் கட்டுரை. பல கட்டுரைகளைச் சேர்த்து அடித்த தொகுப்பைத் தமிழ்த் துறைகளில் ஆய்வுக்கோவை என்பார்கள். அதற்கு நூல்களுக்குத் தருகிற ஐஎஸ்பிஎன் எண் இருக்கும், 13 இலக்கம். ஆய்விதழில் வருவது ஆய்வுக்கட்டுரை. இதழுக்கு இருப்பது ஐஎஸ்எஸ்என், 8 இலக்கம். ‘இதழில் வெளியான கட்டுரை’ என்று படிவம் கேட்கிற இடத்தில் ஆய்வுக்கோவைக் கட்டுரையை வைத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எண்ணைப் பார்த்தாலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது சினாப்சிஸ். நம் பக்கத்தில் இந்த ஒரே சொல்லை இரண்டு வேறு தாள்களுக்குச் சொல்கிறார்கள். சேரும்போது ‘இதைத்தான் ஆராயப் போகிறேன்’ என்று எழுதித் தருவதையும் சினாப்சிஸ் என்பார்கள். அதன் சரியான பெயர் ஆய்வு முன்வரைவு. ஆய்வு முடிந்தபின் ‘இதைத்தான் கண்டேன்’ என்று எழுதித் தருவதும் சினாப்சிஸ்தான். இது ஆய்வுச் சுருக்கம். முன்னதில் கருதுகோளும் (சோதித்துப் பார்க்கப்போகிற ஊகம்) திட்டமும் இருக்கும், பின்னதில் முடிவுகள் இருக்கும். சேர்க்கைக்கு வந்தவர் யாரோ ஒருவருடைய முடிந்துபோன ஆய்வின் சுருக்கத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, செய்யாத ஆய்வுக்கு முடிவுரை எழுதிக்கொண்டு வருவது இதனால்தான். மாதிரி கேட்கும்போது ‘பதிவுக்குக் கொடுத்தது வேணும்’ என்று சொல்லிக் கேளுங்கள். இது தவிர, கட்டுரைக்கு மேலே பத்து வரியில் எழுதுகிற சாரம் தனி. அது அப்ஸ்ட்ராக்ட்.

டிசர்டேஷன், தீசிஸ் இரண்டையும் தமிழில் ஆய்வேடு என்றே சொல்கிறோம். நம் நாட்டுப் படிவங்களில், பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டமாக இருந்த எம்.ஃபிலுக்கு எழுதியது டிசர்டேஷன், பிஎச்.டி.க்கு எழுதுவது தீசிஸ். அமெரிக்காவில் தலைகீழ். அங்கே முதுகலைக்கு எழுதுவது தீசிஸ், முனைவர் பட்டத்துக்கு டிசர்டேஷன். வெளிநாட்டு உதவித்தொகைக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த நாட்டு வழக்கைப் பார்த்து நிரப்புங்கள். தமிழில் எழுதும்போது வெறுமனே ‘ஆய்வேடு’ என்று விடாமல் ‘முனைவர் பட்ட ஆய்வேடு’ என்று பட்டத்தின் பெயரோடு எழுதுங்கள். துணைநூற்பட்டியலிலும் அப்படித்தான்: ஆசிரியர் பெயர், தலைப்பு, ‘அச்சிடப்படாத முனைவர் பட்ட ஆய்வேடு’, பல்கலைக்கழகம், ஊர், ஆண்டு. ‘அச்சிடப்படாத’ என்ற ஒரு சொல் விட்டுப்போனாலே அதை நூல் என்று நினைத்துப் பதிப்பகம் எங்கே என்று தேர்வாளர் கேட்பார்.

மீதிப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு துறையில் இதுவரை வந்த ஆய்வேடுகளின் பட்டியல் ஆய்வடங்கல். உங்கள் தலைப்பை வேறு யாராவது முன்பே செய்துவிட்டார்களா என்று பார்க்க அது உதவும். ஒரே பொருளைப் பற்றி முழுதாக எழுதி அச்சாக்குவது தனிநூல். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்து வெளியிடுவது பதிப்பு. சில துறைகளில் பதிப்பையே பிஎச்.டி. ஆய்வாகச் செய்யலாம். அப்படியானால் முன்வரைவிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எம்.ஃபில். பற்றி ஓர் எச்சரிக்கை. யுஜிசியின் 2022 விதிமுறைகளோடு அந்தப் படிப்பு நிறுத்தப்பட்டது. 2023 டிசம்பரில், புதிதாக எம்.ஃபில். சேர வேண்டாம், அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லை என்று மாணவர்களுக்கே அறிவித்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பாதிப்பில்லை. இனிமேல் யாராவது ‘அட்மிஷன் போடுறோம்’ என்றால் பணம் கட்டாதீர்கள்.

2. சேரத் தகுதி, நுழைவுத் தேர்வு, கையில் இருக்க வேண்டிய தாள்கள்

இரண்டாண்டு முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. தொலைநிலையிலோ இணையவழியிலோ பிஎச்.டி. கிடையாது. பகுதிநேரம் உண்டு. அதற்கு வேலை பார்க்கிற இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஓசூர்த் தொழிற்சாலையிலோ தனியார் பள்ளியிலோ வேலை செய்கிறவர்கள் இதை முதலில் வாங்கிவிடுங்கள். ஆய்வு செய்ய நேரம் தருவோம் என்று அந்தச் சான்றில் இருக்க வேண்டும். வெறும் ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரி போதாது.

2024 முதல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.யில் சேரலாம். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காமல், பிஎச்.டி.க்குத் தகுதி பெற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடைபோடுவார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். முடிவு வந்த கையோடு விண்ணப்பியுங்கள். நெட் கட்டணம் 2024-ல் பொதுப் பிரிவுக்கு 1150 ரூபாய், ஓபிசிக்கு 600, எஸ்சி, எஸ்டிக்கு 325. ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டாண்டுக்குப் பிறகு 42,000. இந்தத் தொகையைத் தெரிந்துகொண்டால் வீட்டில் ‘இன்னும் எத்தனை வருஷம் படிப்ப?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம். அதனால் நெட்டுக்கு மனசு வைத்துப் படியுங்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் வழுக்கி விழுகிற இடம் ஓபிசி சான்று. கையில் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழ் இருக்கும், அதையே வைத்து ஓபிசி என்று குறித்துவிடுவார்கள். மத்தியத் தேர்வுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வேண்டும், கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்ற குறிப்போடு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த்துறை வழியாக வாங்குங்கள். வருமானத்தைப் பொறுத்தது என்பதால் பழைய சான்று செல்லாமல் போகும். விண்ணப்பத் தேதிக்கு நெருக்கத்தில் எடுத்தது இருக்கட்டும்.

முதுகலையை வேறு பல்கலைக்கழகத்தில் முடித்தவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்று (மைக்ரேஷன்) வேண்டும். ஓசூர், வேப்பனஹள்ளிப் பக்கத்திலிருந்து பெங்களூருவிலோ குப்பத்திலோ படித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன். படித்த இடத்தில் கட்டணம் கட்டி, விண்ணப்பித்து, அது வந்து சேர நாளாகும். சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். பத்தாம் வகுப்பு முதல் முதுகலை வரை எல்லாச் சான்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் இப்போதே பாருங்கள். முதலில் ‘மா’ என்றும் பிறகு ‘எம்’ என்றும் இருந்தால் பட்டம் அச்சாகும்போது தொல்லை.

3. நெறியாளரைத் தேடுவது

நெறியாளர், அதாவது உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியர், எவ்வளவு பெரிய அறிஞர் என்பதைவிட உங்களுக்கு இரண்டு விஷயம் முக்கியம். இடம் இருக்கிறதா? எப்போது ஓய்வு பெறுகிறார்? ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6 பேர், உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான் இருக்கலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருக்கிறவர் புது ஆய்வாளரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே பதிந்தவர்களுக்கு ஓய்வு பெறும்வரை நெறியாளராகவும், அப்புறம் இணை நெறியாளராகவும் தொடரலாம், 70 வயதுவரை. ஆகவே நாலைந்து ஆண்டில் ஓய்வு பெறப்போகிறவரிடம் சேருவது தப்பில்லை. அவருக்குப் பின் யார் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. கல்யாணமாகி வேறு ஊர் போக வேண்டி வந்தால் ஆய்வு அத்தோடு நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். புது ஊரின் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுத் தரவுகளை மாற்றிக்கொள்ள 2022 விதிகளில் இடம் இருக்கிறது. பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் சேர்த்து ஆய்வுக்காலம் முழுவதிலும் 240 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். வீட்டார் இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பேச்சு அடங்கும்.

4. முன்வரைவு எழுதுவது

தலைப்பு சின்னதாக இருக்கட்டும். ‘தருமபுரி மாவட்டத் தெருக்கூத்து’ என்று வைத்தால் ஆறு ஆண்டும் போதாது. ‘பென்னாகரம் வட்டத் தெருக்கூத்துக் குழுக்களின் ஒப்பனையும் அணிகலன்களும்’ என்றால் எந்த ஊருக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எதைப் படம் எடுக்க வேண்டும் என்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது. நம் மண்ணில் இப்படிப் பொருள் கொட்டிக் கிடக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். சித்தேரி மலை மக்களின் வழக்காறு, மாங்கூழ்த் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள், ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் குடும்பங்கள் என்று வேறு துறைகளுக்கும் விஷயம் உண்டு. பக்கத்தில் இருப்பதை ஆராய்ந்தால் களப்பணிச் செலவும் குறையும், கேட்டதும் பதில் சொல்ல ஆளும் இருப்பார்கள்.

தலைப்பை முடிவு செய்யுமுன் சோத்கங்காவில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளை யுஜிசியின் இன்ஃப்லிப்நெட் மையம் அங்கே இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ்த் தலைப்புகள் சில இடத்தில் தமிழ் எழுத்திலும் சில இடத்தில் ஆங்கில எழுத்திலும் ஏறியிருக்கும். இரண்டு விதமாகவும் தேடினால்தான் முழுதாகக் கிடைக்கும். பழைய நூல்களுக்குத் தமிழிணைய மின்னூலகம் இருக்கிறது. தருமபுரியில் உட்கார்ந்துகொண்டே பாதி நூலைப் படித்துவிடலாம், சென்னைக்குப் பேருந்துக் காசு மிச்சம்.

முன்வரைவில் இருக்க வேண்டியவை: தலைப்பு, இந்த ஆய்வு ஏன் வேண்டும், இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், உங்கள் கருதுகோள், ஆய்வு எல்லை, முறை, இயல் பிரிப்பு, துணைநூல்கள். இதில் ‘ஆய்வு எல்லை’க்கு நேரம் செலவிடுங்கள். எந்த வட்டங்கள், எந்தக் காலம், எத்தனை குழுக்கள் என்று எழுதிவிட்டால், பின்னால் தேர்வாளர் ‘அரூர்ப் பக்கம் ஏன் போகவில்லை?’ என்று கேட்கும்போது அந்த ஒரு பத்தி உங்களைக் காப்பாற்றும்.

5. பதிவுக்குப் பின்: பாடத்தேர்வு, அரையாண்டு அறிக்கை

பதிவு ஆணை வந்ததும் அதை ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு படிவத்துக்கும் அதன் எண்ணும் தேதியும் தேவைப்படும். ‘கோர்ஸ் வொர்க்’ எனப்படும் பாடங்கள் குறைந்தது 12 கிரெடிட், அதில் 55 விழுக்காடு வாங்க வேண்டும். ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தின் குறிப்பில் எல்லா உறுப்பினர் கையெழுத்தும் விழுந்ததா என்று அன்றைக்கே பாருங்கள். மூன்று ஆண்டு கழித்து ஒரு கையெழுத்துக்காக இடமாற்றலாகிப் போன ஆசிரியரைத் தேடிப் போவது கொடுமை.

காலக் கணக்கு இது: குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2, ஆக 10 ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். ஆண்டுக் கட்டணத்தைத் தேதி தவறாமல் கட்டி, ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள். ஒப்படைக்கும்போது நிலுவையின்மைச் சான்று வாங்க எல்லா ஆண்டு ரசீதையும் கேட்பார்கள்.

கட்டுரை வெளியீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் இதழில் வெளியிட்டிருக்க வேண்டும் என்ற விதியை யுஜிசி 2022-ல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்டால் அதன்படி நடக்க வேண்டும். யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இன்னமும் ‘கேர் லிஸ்ட் ஜர்னல், மூன்றே நாளில் வெளியீடு, இவ்வளவு பணம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அந்தப் பணத்துக்கு நல்ல அகராதி வாங்கலாம்.

6. தட்டச்சு: எழுத்துருவை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

முதல் இயலின் முதல் வரியிலிருந்து யூனிகோடில் அடியுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற ஒப்புமைச் சோதனை மென்பொருள் அதைப் படிக்காது, சோத்கங்காவில் ஏற்றினால் ஒரு சொல்லையும் தேட முடியாது. கடைசியில் முந்நூறு பக்கத்தையும் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றினால் கொம்பும் காலும் இடம்மாறி, வரிவரியாகத் திருத்த வேண்டிவரும். தட்டச்சுக் கடையில் கொடுத்தாலும் ‘யூனிகோடில்தான் வேணும், வேர்டு கோப்பும் கையில் தரணும்’ என்று முன்பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் தமிழ்99 விசைப்பலகையை நீங்களே பழகுங்கள். சில வாரத்தில் கை ஓடும், அதன்பின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கடைக்கு ஓட வேண்டாம்.

7. ஒப்புமைச் சோதனை

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் பிரச்சினை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு ஒப்படைக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தகுந்த குறிப்போடு எடுத்தாண்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இலக்கிய ஆய்வாளர்கள் இதைக் கவனியுங்கள். அதியமானை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலை எடுத்தாண்டால் மேற்கோள்குறிக்குள் வைத்து, பாடல் எண்ணும் அடியெண்ணும் கொடுங்கள். குறியில்லாமல் உரைநடையோடு ஒட்டி எழுதினால் சங்கப் பாடலும் உங்கள் கணக்கில் ஒப்புமையாக ஏறும். உரையாசிரியர் வரிகளுக்கும் இதே முறைதான். அறிக்கை வந்ததும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எந்தெந்த வரி வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேற்கோள் சேர்ந்திருந்தால் அதை நீக்கி மறுபடி எடுத்துத் தரும்படி நூலகரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ‘பர்சன்டேஜ் குறைச்சுத் தர்றோம்’ என்கிறவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் சொற்களை இஷ்டத்துக்கு மாற்றிப் போடுவார்கள், ‘நடுகல்’ ‘மையப்பாறை’ ஆகிவிடும்.

8. ஆய்வுச் சுருக்கமும் ஒப்படைப்பும்

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் துறையில் முன்வாசிப்புக் கூட்டம் நடக்கும். அங்கே சொன்ன திருத்தங்களைச் சேர்த்தபின் ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டும். தேர்வாளர் குழுவை அமைக்க அதுதான் அடிப்படை. சுருக்கம் கொடுத்த நாளிலிருந்து எத்தனை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி இயல் பாக்கி இருக்கும்போது அவசரப்பட்டுச் சுருக்கத்தைக் கொடுத்தால் அந்தக் கெடு கழுத்தைப் பிடிக்கும்.

தலைப்பில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. பதிவு ஆணையில் ‘தருமபுரி மாவட்ட நடுகற்களில் ஆநிரைப் பூசல்’ என்று இருந்து, அட்டையில் ‘தர்மபுரி மாவட்ட நடுகற்களில் ஆநிரைப்பூசல்’ என்று அச்சாகியிருந்தால் கட்டு திரும்பி வரும். ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு புள்ளிக்காகவே என் எதிரில் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து பிரதிக்கும் அட்டை பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. சின்ன விஷயத்துக்கு இவ்வளவு தண்டனையா என்று எனக்கு இன்றும் ஆத்திரம்தான். ஆனாலும் ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டபின்தான் அட்டை அடிக்கச் சொல்லுங்கள். தலைப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால் சுருக்கத்துக்கு முன்பே ஆலோசனைக் குழு வழியாக விண்ணப்பித்து, மாற்று ஆணை வாங்கிவிடுங்கள்.

ஆய்வேட்டில் தாள்களின் வரிசை பொதுவாக இப்படிப் போகும்: தலைப்புப் பக்கம், நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி, ஒப்புமைச் சோதனைச் சான்று, நன்றியுரை, பொருளடக்கம், சுருக்கக் குறியீட்டு விளக்கம், இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்புகள். கூடவே தனியாகக் கொடுப்பவை: பதிவு ஆணை நகல், பாடத்தேர்வு மதிப்பெண் சான்று, குழுக் கூட்டக் குறிப்புகள், கட்டண ரசீது, நிலுவையின்மைச் சான்று, மென்பிரதி. சான்றிதழ்களில் நெறியாளரும் துறைத்தலைவரும் முதல்வரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். தேர்வுக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் மூன்று பேரும் ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம். இரண்டு வாரமாவது இதற்கென்று ஒதுக்குங்கள்.

செலவைக் கணக்குப் போடுவோம். 300 பக்கம், 5 பிரதி என்றால் 1500 பக்க அச்சு. பக்கத்துக்கு ஒரு ரூபாய் கூடினால் மொத்தத்தில் 1500 ரூபாய் கூடும். அதனால் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். வண்ணப் படங்களை இயல்களுக்கு நடுவே தூவாமல் பின்னிணைப்பில் ஒன்றாக வையுங்கள். அந்தப் பக்கங்களை மட்டும் வண்ணத்தில் அடித்தால் போதும், பெரிய தொகை மிஞ்சும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, நெறியாளர் பார்த்தபின் மற்றதை அடியுங்கள். கெட்டி அட்டை கட்டும் கடைக்காரர் முன்பு ஆய்வேடு கட்டியவராக இருந்தால் நல்லது. முதுகில் என்ன எழுத வேண்டும், எவ்வளவு ஓரம் விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கே அத்துபடி.

நேரில் போகிறவர்களுக்கு: பெரியார் பல்கலைக்கழகம் சேலம் ஊருக்குள் இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் கருப்பூர் அருகே, நாம் ஓமலூர் தாண்டி வரும்போதே வந்துவிடும். எல்லாப் பேருந்தும் அங்கே நிற்காது. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், இல்லையென்றால் சேலம் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். தொப்பூர்க் கணவாயில் லாரி நின்றுவிட்டால் நேரம் ஓடிவிடும். கடைசி நாள் மாலைக்குப் போய்ச் சேரலாம் என்று கிளம்பாதீர்கள்.

9. வாய்மொழித் தேர்வு

நெறியாளரோடு, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து அறிக்கை தருவார்கள். ஒப்படைத்ததிலிருந்து எல்லாம் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் கடந்தும் சத்தமில்லை என்றால் நெறியாளர் வழியாக ஒரு கடிதம் கொடுத்து நிலையைக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தயார் செய்துகொண்டு போங்கள். பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அப்பா அம்மாவைக் கூட்டிப் போங்கள். நீங்கள் இத்தனை ஆண்டு என்ன செய்தீர்கள் என்பதை அவர்கள் நேரில் கேட்கிற ஒரே நாள் அது.

தேர்வு முடிந்ததும் திருத்திய மென்பிரதியைச் சோத்கங்காவுக்குக் கொடுக்க வேண்டும். தற்காலிகச் சான்றிதழோடு, யுஜிசி விதிமுறைப்படியே பட்டம் வழங்கப்பட்டது என்ற சான்றும் தருவார்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாவதைத் தவறாமல் கேட்பார்கள். அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

10. ஆய்வேட்டைத் தனிநூலாக்குவது

அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். தேர்வாளருக்காக எழுதிய முன்னாய்வு இயலைச் சுருக்குங்கள். ஒவ்வோர் இயலின் கடைசியிலும் வரும் ‘இவ்வியலில் கண்டவை’ பட்டியலை எடுத்துவிடுங்கள். நேர்காணல் கொடுத்த கூத்துக் கலைஞர்களின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு முன்னால் கொண்டு வாருங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. இணையத்தில் நீங்களே ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணுக்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டால், எத்தனை பிரதி அச்சாகும், உங்களுக்கு எத்தனை கிடைக்கும், உரிமை யாருக்கு என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். அச்சானதும் 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி போக வேண்டும். அது வெளியீட்டாளர் பொறுப்பு, அனுப்பிவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். உங்கள் ஆய்வு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பற்றியது என்றால் அந்தந்த மாவட்ட மைய நூலகத்துக்கும், நீங்கள் களப்பணி செய்த ஊரின் பள்ளிக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.